சந்தனம் பட்ட ரைபிள்

ரைபிள் கோளாறு என்று யார் போய் நின்றாலும் அவன் ரைபிளைப் பார்க்க மாட்டான். "கடைசியா வெடிச்ச தோட்டா எங்க விழுந்துச்சு?" என்றுதான் கேட்பான். சுடுதளத்தில் இருந்தால் அதையும் கேட்க மாட்டான். குனிந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பான். கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தொலைத்தவன் தேடுகிற மாதிரி இருக்கும். காலித்தோட்டா சுட்டவன் காலடியிலேயே கிடக்கிறதா, நாலு எட்டு தள்ளிப் போய் விழுந்திருக்கிறதா, வாய் நசுங்கியிருக்கிறதா, அடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பான். நிமிரும்போது பாதி வியாதி அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஆயுதப்படை முகாமில் அவன்தான் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவருக்கு அந்தப் பெயர். நான் அங்கே பெண் காவலர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்த ஏட்டு. அவனைவிட எட்டு வயது மூத்தவள். அணிவகுப்பில் 'மேடம்' என்பான், ஆயுத அறைக்குள் வந்துவிட்டால் 'யக்கா'. நான் அவனை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதி மரியாதை செய்து தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் ஊர் இன்னொரு தடவை அவனைப் பற்றிப் பேசும். ஒரு தடவை பேசியதே போதும்.

எங்களிடம் இருந்தவை, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகிற ரைபிள்கள். சுட்ட பிறகு கையால் எதையும் இழுக்க வேண்டியதில்லை. குண்டைத் தள்ளிய புகையில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாக மேலே ஏறிப் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அந்த வேகத்தில் காலித்தோட்டா வெளியே போய், மேகசினில் இருந்து அடுத்தது உள்ளே வந்து உட்காரும். இதை நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் நடத்துவேன். அவன் வாசலில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு மூன்றே சொல்லில் முடிப்பான்.

"எடுக்கணும், எறியணும், வாங்கணும். அம்புட்டுத்தான் தாயி. நின்னு போச்சுன்னா இந்த மூணுல எது நின்னுச்சுன்னு பாரு. ரைபிளத் திட்டாத."

பிள்ளைகள் என் படத்தை மறந்துவிட்டு இதைத்தான் பரீட்சையில் எழுதினார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவன் சொன்னதுதான் சரி.

தேவதானத்துக்காரன். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் வயல். ஆள் ஒல்லி, காது மட்டும் பெரிது. சட்டைப் பையில் பேனா இருக்காது, முள் தேய்ந்த ஒரு பல்துலக்கி இருக்கும். பழுது என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டான், 'கோவிச்சிருக்கு' என்பான். "இருபத்தி மூணு கோவிச்சிருக்குக்கா, செத்த நேரம் குடுங்க." ரைபிளின் கட்டையில் நம்பர் எழுதியிருக்கும், அதுதான் அதற்குப் பெயர். காலித்தோட்டா காலடியில் விழுந்தால் புகை பத்தவில்லை என்று, புகை ஏறும் குழாயின் முனையில் இருக்கும் வளையத்தை இரண்டு சொடுக்குத் திருப்புவான். ரொம்பத் தள்ளி விழுந்தால் திருப்பி வைப்பான். "தேவைக்கு மேல குடுத்தா அதுவும் ஒடம்புக்கு ஆகாதுக்கா, சீக்கிரம் தேஞ்சு போகும்" என்பான்.

எங்கள் வீட்டுத் தையல் மிஷினையும் அவன் இப்படித்தான் பார்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு. ஆடிப்பூரத் தேருக்குப் பாதுகாப்புப் பணி முடிந்து, கால் கடுக்க நின்ற பிள்ளைகளோடு அவனும் சாப்பிட வந்தான். மிஷின் நூலை விட்டுவிட்டுத் தைக்கிறது என்று நான் சும்மாதான் சொன்னேன். சோற்றுக் கையோடு மிஷினுக்கு அடியில் குனிந்து, தரையில் கிடந்த நூல் துணுக்குகளை இடது கையால் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "மேல் நூல் முறுக்கா இருக்குக்கா, ஊசி திரும்பி நிக்கி" என்றான். ஊசியைத் திருப்பிப் போட்டதும் ஓடியது. ஊசியை மாற்றியவள் என் மகள். அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். யார் மாற்றியது என்று அவன் கேட்கவே இல்லை.

அதுதான் அவன் குணம். யார் செய்தது என்று கேட்க மாட்டான். எது நடந்தது என்று மட்டும் கேட்பான். காவல் துறையில் இருந்துகொண்டு இப்படி ஒரு குணம்! நாங்கள் எல்லோரும் யார், யார் என்று கேட்டே சம்பளம் வாங்கினவர்கள்.

ஒருமுறை நாலைந்து ரைபிள்கள் ஒரே வாரத்தில் கோவித்துக்கொண்டன. சுடும், எறியும், அடுத்ததை வாங்காது. மேகசின்களை எடுத்து வரிசையாக வைத்து உதட்டைத் தடவிப் பார்த்தான். தோட்டாவைப் பிடித்து வைத்திருக்கிற மேல் விளிம்புக்கு உதடு என்று பெயர். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் லேசாக விரிந்திருந்தது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கோவில்பட்டி பக்கம் பந்தோபஸ்து போன பயல்கள் வெயிலுக்குக் கலர் வாங்கி, மேகசின் உதட்டில் வைத்துப் பாட்டில் மூடியை நெம்பியிருக்கிறார்கள். நானாக இருந்தால் அத்தனை பேரையும் மைதானத்தில் ஓட விட்டிருப்பேன்.

"யாருலே அது, பேரச் சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"பேரக் கேட்டா ரைபிள் ஓடிருமாக்கா?" என்று சிரித்தான். உதடுகளை இடுக்கியால் நேராக்கினான். மறுநாள் ஆயுத அறை ஜன்னல் கம்பியில், சணல் கயிற்றில் ஒரு பாட்டில் ஓப்பனர் தொங்கியது. அதைப் பார்த்தவர்களில் யார் யார் தலையைக் குனிந்தார்கள் என்று நான் கவனித்தேன். அவன் கவனிக்கவில்லை, உள்ளே ஏதோ துடைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் அந்த வியாதி வரவே இல்லை.

இத்தனையும் எழுதியது, நான் செய்ததை எழுதத் தள்ளிப்போடுவதற்காகத்தான். இனித் தள்ள இடம் இல்லை.

எங்கள் முகாமில் ஆயுத பூஜை என்றால் நிஜமாகவே ஆயுதத்துக்குப் பூஜை. இரண்டு நாள் முன்பே அவன் எல்லா ரைபிளையும் பிரித்துத் துடைத்துப் பூட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவான். பூஜை அன்று காலையில் பெஞ்சு போட்டு வெள்ளை வேட்டி விரித்து ரைபிள்களை வரிசையாகப் படுக்க வைப்போம். சந்தனமும் குங்குமமும் வைக்கிறது பெண் காவலர்கள் வேலை. அந்த வருஷம் பூஜை முடிந்த மறுநாளே வருடாந்தரத் துப்பாக்கிப் பயிற்சி. வெளியூரில் இருந்து பெரிய அதிகாரி வருகிறார், அவர்தான் முதல் குண்டு சுட்டு ஆரம்பித்து வைக்கிறார். அவருக்குக் கொடுக்க நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது பதினேழாம் நம்பர். அது என் செல்ல ரைபிள்.

அதனால் அதற்குச் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பன்னீரை அதிகம் ஊற்றிக் கரைத்துவிட்டார்கள் போல, சந்தனம் வழிந்து, புகை ஏறும் குழாயின் முனையில் இருக்கும் சின்ன பிளக்கின் இடுக்கில் இறங்கிவிட்டது. அவன் பொரியும் கடலையும் வாங்க ராஜபாளையம் கடைவீதிக்குப் போயிருந்தான். சந்தனம் காய்ந்தால் இறுகிவிடும் என்று நானே பிளக்கை அமுக்கித் திருப்பி எடுத்துத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் போன். கிருஷ்ணன்கோவிலில் படித்துக்கொண்டிருந்தாள். லீவு நாளிலும் கல்லூரிப் பூஜைக்குப் போனவள், திரும்பும்போது கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டாளாம், அழுகை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "டவுன் பஸ்ஸப் பிடிச்சு வாட்டி, இதுக்கு எதுக்கு அழுக" என்று அவளை அதட்டியபடியே பிளக்கைத் திருப்பி மாட்டினேன்.

தலைமாற்றி மாட்டினேன். மேலே தெரிய வேண்டிய எழுத்து கீழே போய்விட்டது. அப்படி மாட்டினால் புகை ஏறுகிற வழி அடைபட்டுப் போகும். வேறு ஒரு வேலைக்காக ரைபிளில் அப்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இதைத்தான் நான் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் "பாத்து மாட்டுங்கட்டி, கழுதைகளா" என்று சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் பெரிய அதிகாரி படுத்துச் சுட்டார். ஒரு குண்டு போனது. அவ்வளவுதான். மறுபடி விசையை இழுத்தால் அது தொளதொளவென்று ஆடியது. பின்னால் முகாமே அணிவகுத்து நிற்கிறது. நான் ஓடிப் போய் வளையத்தை ஒரு சொடுக்குத் திருப்பி, கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிக் கொடுத்தேன். இன்னொரு குண்டு. மறுபடி நின்றது. அதிகாரி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது.

அவன் வந்தான். வழக்கம் போலத் தரையைப் பார்த்தான். நான் கையால் இழுத்தபோது விழுந்த ஒரே ஒரு காலித்தோட்டா, என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. "தானா எடுக்கவே இல்ல" என்று தனக்குத்தானே சொன்னவன், வளையத்தைத் தொடாமல் நேரே பிளக்கைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவன் பிளக்கைத் திருப்பி மாட்டிய அந்த நொடிதான் எனக்கும் போனும், பஸ்ஸும், சந்தனமும் ஞாபகத்துக்கு வந்தன. பத்து வினாடிகூட ஆகவில்லை. ரைபிள் மீதிக் குண்டுகளைத் தடங்கல் இல்லாமல் சுட்டுத் தள்ளியது.

அதிகாரி எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இதைச் செக் பண்ணது யாரு?"

"நான்தான் ஐயா."

"பொட்டு வச்சுக் கும்பிட்டா மட்டும் போதுமாய்யா? பிளக்கை எப்படிப் போடணும்னு தெரியாதவனெல்லாம் ஆர்மரரா?"

அவன் விறைப்பாக நின்றான். ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. முகாமில் ஆயுதப் பயிற்சியை ஒரு பெண்ணிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. "ரைபிளக் குடுத்தா அகப்பைன்னு நெனச்சுக் கிண்டிருவாளுக" என்று என் காதுபடவே ஒரு இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். எஸ்.ஐ. பட்டியலில் என் பெயர் அப்போதுதான் ஏறியிருந்தது. நான் ஒருத்தி தப்பாக மாட்டினேன் என்றால், பின்னால் வருகிற அத்தனை பெண்களுக்கும் அது கெட்ட பெயர் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. நடந்ததை அதிகாரி அறைக்குப் போய் நின்று சொல்ல மட்டும் கால் வரவில்லை. உண்மை என்னவென்றால், வெட்கமும் பயமும்தான். பிள்ளைகள் முன்னால் முட்டாளாக நிற்கப் பயம்.

அவனுக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள். 'என் கவனக்குறைவு' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தான். ஆயுத அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவனைக் காவல் பணிக்குப் போட்டார்கள். வட மாநிலத்தில் ஆறு மாத மேற்பயிற்சிக்குப் போக இருந்தான், அதுவும் நின்றது. சுந்தரபாண்டியம் பக்கம் ஏதோ தானியக் கிட்டங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றான். பழுது பார்க்கிறவன் கையில் அதே துப்பாக்கியைக் கொடுத்துச் சும்மா நிற்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் அவன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத் தோளில் நட்சத்திரம் வந்தது.

இத்தனை நாளும் நான் எப்படித் தூங்கினேன் என்றால், அந்த ஒரு பார்வையை வைத்துத்தான். அவனுக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டேன். காலித்தோட்டாவைப் பார்த்தே நோய் சொல்கிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் யக்காவைக் காட்டிக் கொடுக்கவில்லை. யார் என்று கேட்கிற குணம்தான் அவனுக்கு இல்லையே. அவன் பெருந்தன்மையை நினைத்து நான் சில நாள் கண் கலங்கியதுகூட உண்டு. வெட்கம் கெட்டவளுக்கு அழுகை ஒரு சௌகரியம்.

ஓய்வு பெற்ற பிறகு, போன தை மாதம், மகளுடைய குழந்தைக்குக் காது குத்துப் பத்திரிகை கொடுக்க ராஜபாளையம் போனேன். ஒரு நூற்பாலை வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது, கேட்டுக்குள் இருந்து "யக்கா!" என்று குரல். காக்கி இல்லை, நீலச் சட்டை. காது மட்டும் அப்படியே இருந்தது. அவனுக்கு ஷிப்டு முடிகிற நேரம். "வீட்டுக்கு வராமப் போகக் கூடாது" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இரண்டு தெரு தள்ளி இருந்த வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

அவன் மனைவி காபி போட்டாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்ததும் அவன் எழுந்து போய் சிலிண்டர் வால்வைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பேச்சுக்கு நடுவில் மறுபடி போனான். மூன்றாம் தடவை போனபோது அவள் சிரித்தாள். சிரிப்பில் அலுப்பு இருந்தது.

"அவிய அப்படித்தான்க்கா. பூட்டுன கதவ நாலு வாட்டி இழுத்துப் பாப்பாக. அந்த ரைபிள் சமாச்சாரத்துல இருந்தே இப்படி. மில்லுல பிட்டர் வேலைக்கு வாங்கன்னு அவுகளாக் கூப்புட்டாக. சம்பளமும் கூட. மாட்டேன்னுட்டாக. ஏன்னு கேட்டா, 'எங்கையி எனக்கே தெரியாமத் தப்பு பண்ணுதுட்டி, மிஷின்ல யாருக்காச்சும் வெரல் போயிருச்சுன்னா என்ன செய்ய'ங்காக. வாட்ச்மேனாக் கேட்டுல உக்காந்துட்டாக."

தம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

"நெசந்தான்க்கா. அன்னைக்கு நான் அதை எப்படி மாட்டுனேன்னு எம்புட்டோ யோசிச்சுட்டேன். பதினேழ மாட்டுனது நல்லா ஞாபகம் இருக்கு. எழுத்து மேலதான் இருந்துச்சு. கண்ணால பாத்தேன். பொறவு எப்படித் திரும்புச்சு? அப்ப எங்கண்ணும் பொய்தான, கையும் பொய்தான? அன்னைக்கு உங்களப் பாத்தேனே, நான் சரியாத்தான மாட்டுனேன், நீங்களாச்சும் சொல்லுங்கன்னுதான் பாத்தேன்."

அவனுக்குத் தெரியவே தெரியாது. தப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை எதுவும் இல்லை. தான்தான் செய்தேன் என்று அவன் நிஜமாகவே நம்பியிருக்கிறான். நான் அவனுடைய வேலையை மட்டும்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவன் கையையே அவனிடமிருந்து எடுத்துவிட்டேன்.

சொன்னேன். சந்தனம் வழிந்ததை, அவன் பொரி வாங்கப் போயிருந்ததை, போன் வந்ததை எல்லாம் சொன்னேன். குரல் எனக்கே கேட்காத அளவு இறங்கிவிட்டது. முடித்ததும் கேட்டான்.

"எந்தப் பக்கமாத் திருப்புனீக?"

கையால் காட்டினேன். அந்த இல்லாத பிளக்கை அவனும் காற்றில் ஒருமுறை திருப்பிப் பார்த்தான். சரி என்பது போலத் தலையாட்டினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மாட்டுனது சரிதான்" என்றான். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு உள் பக்கம் திரும்பி, "ஏட்டி, செத்த இங்க வா" என்று கூப்பிட்டான். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். என்ன என்பது போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொன்னத இவகிட்டயும் சொல்லுங்கக்கா."

தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தேன். பூஜை, பதினேழு, சந்தனம். அவள் காலை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. போன் வந்தது வரைக்கும் வந்து, "அப்புறம் என்னமோ தப்பா ஆயிப்போச்சும்மா" என்று நிறுத்தினேன்.

"அப்படி இல்லக்கா" என்றான் அவன். "யாரு மாட்டுனதுன்னு சொல்லுங்க."